பத்தாயிரமாவது குப்பி

நாச்சாரம் தொழிற்பேட்டையில் இருக்கும் அந்த மருந்து ஆராய்ச்சிக் கம்பெனியில், ஒரு புதிய பொருள் பிறந்துவிட்டது என்று அறிவிக்கும் அதிகாரம் அதைச் செய்த விஞ்ஞானிக்குக் கிடையாது. ஜெஸ்ஸிக்குத்தான் உண்டு. விஞ்ஞானி எட்டு மாதம் காய்ச்சி, வடிகட்டி, உலர்த்தி, ஒரு சிட்டிகைத் தூளைக் குப்பியில் போட்டு இரண்டாம் மாடிக் கோடிக்குக் கொண்டுவருவார். அங்கே ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஜெஸ்ஸி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்ப்பார், கண்ணாடி வழியாகப் படத்தைப் பார்ப்பார். அணுக்கள் எப்படிக் கோத்திருக்கின்றன என்று வரைந்த படம். இதே படம் பதிவேட்டில் முன்பே இருக்கிறதா என்று தேடி, இல்லையென்றால் ஓர் எண் கொடுப்பார். எண் விழுந்தால்தான் அது பொருள். அதுவரை எவ்வளவு பெரிய விஞ்ஞானி செய்திருந்தாலும் தூள்.

ஜெஸ்ஸிக்கு வயது ஐம்பத்திரண்டு. பிறந்தது லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா ஜோலார்பேட்டையிலிருந்து, தெலுங்கும் உருதுவும் பேசும் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த ஃபிட்டர். ஜெஸ்ஸி பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்து, குப்பிகளுக்கு லேபிள் எழுதும் வேலைக்குச் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஆராய்ச்சி எதுவும் செய்ததில்லை. ஆனால் ஒரு படத்தை ஒரு தடவை வரைந்துவிட்டால் அது அவருக்கு முகமாகிவிடும். கல்யாண மண்டபத்தில் பந்தி விசாரிப்பவர் யார் இரண்டாம் தடவை உட்கார்ந்திருக்கிறார் என்று கண்டுபிடிப்பாரே, அந்த மாதிரி ஞாபகம்.

கணவர் ஆரோக்கியசாமி ரயில் பணிமனையில் பெட்டிகளுக்கு எண் எழுதுகிறவர். ஆக வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே தொழில். "நீ போடற நம்பரு கண்ணுக்கே தெரியாது. என் நம்பரு காஜிபேட் வரைக்கும் போகும்" என்று அவர் அவ்வப்போது பெருமை அடித்துக்கொள்வார்.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வோர் ஆயிரமாவது பொருளுக்கும் கேக். கேக்கின் மேல் அந்தப் பொருளின் படத்தை கிரீமில் எழுதியிருக்க வேண்டும். செய்தவர் வெட்டுவார். இதுவரை ஒன்பது கேக். எந்தப் பொருளும் இன்னும் மருந்தாகவில்லை என்பது வேறு விஷயம். கேக் ஒன்பதும் நன்றாகத்தான் இருந்தன.

பத்தாயிரம் நெருங்கியபோதுதான் வினை வந்தது. டைரக்டர் ராகவேந்திராவுக்கு முழு எண் என்றால் உயிர். தினமும் வராந்தாவில் பத்தாயிரம் அடி நடப்பார். பத்தாயிரமாவது அடி மாடிப்படியின் நடுவில் விழுந்தால் அங்கேயே நின்று, யாராவது கூப்பிடும் வரை போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் கையெழுத்துப் போட்ட கடிதம் பிப்ரவரியில் ஜெஸ்ஸியின் மேசைக்கு வந்தது. 'பத்தாயிரமாவது சேர்மம் பதிவானதும் பதிவுப் பணி முழுவதும் புதிய மென்பொருளிடம் ஒப்படைக்கப்படும். திருமதி ஜெஸ்ஸி கச்சிபௌலி அலுவலகத்தின் வரவேற்புப் பகுதிக்கு மாற்றப்படுகிறார்.'

"கைக்கு, எதுக்கு மூஞ்ச இப்படி வச்சினு இருக்கே?" என்றார் ஆரோக்கியசாமி, அன்று சாயங்காலம். "ஏசி ஆபீசு. கண்ணாடிக் கட்டடம். ஜாலியா உக்காந்துக்கலாம்."

"நக்கோ, வேணாம். இங்கருந்து ஷேர் ஆட்டோல இருபது நிமிஷம். அங்க போவ ஒன்னே முக்கா மணி நேரம், வர ஒன்னே முக்கா. போயி என்னா பண்ணணும்? வர்றவங்களப் பாத்துச் சிரிக்கணும்."

"சிரிக்கறதுக்கு இன்னா கஷ்டம்?"

"யாரு வந்தாலும் சிரிக்கணும்யா. யாருன்னு பாத்துட்டு சிரிக்க முடியாது."

ஆரோக்கியசாமி மனைவியின் முகத்தை ஒரு முறை பார்த்தார். கச்சிபௌலிக்கு வரப்போகும் விருந்தாளிகளை நினைத்து அவருக்கே கொஞ்சம் பரிதாபமாக இருந்தது.

மென்பொருளைக் கொண்டுவந்தவன் அபிநவ். இருபத்தெட்டு வயது. அப்பா அம்மா வேலூர்க்காரர்கள், பையன் வளர்ந்தது கச்சிபௌலி அடுக்குமாடியில். தமிழ் நன்றாகப் புரியும், பதில் தெலுங்கில்தான் வரும். "மேடம், இதி ஒக்க செகண்ட்லோ செப்பேஸ்துந்தி" என்று பெருமையாகக் காட்டினான். ஒரே வினாடியில் சொல்லிவிடுமாம். படத்தை வரைந்தால் புதிய பொருளுக்குப் பச்சை விளக்கு, பழையதற்குச் சிவப்பு. பழைய படங்கள் அத்தனையையும் அதற்குள் ஏற்றியாகிவிட்டது. ஜெஸ்ஸி கையால் படம் வரைந்துவைத்த கார்டு பெட்டிகள் இனித் தேவையில்லை என்று கீழே கிடங்குக்குப் போய்விட்டன.

9,994 வந்ததும் ஓர் அதிசயம் நடந்தது. வாரம் பத்துப் பொருள் பதிவாகிற இடத்தில் யாருமே குப்பி கொண்டுவரவில்லை. எல்லாருக்கும் பத்தாயிரம்தான் வேண்டும். 9,995 எவனுக்கு வேண்டும்? முனைவர் பட்டம் வாங்கியவர்கள் கோட்டுப் பையில் குப்பியை மறைத்துக்கொண்டு ஜெஸ்ஸியின் மேசையைக் கடந்து போனார்கள், டிக்கெட் எடுக்காதவர்கள் கண்டக்டரைக் கடந்து போகிற மாதிரி. ஜெஸ்ஸி மூன்று நாள் பொறுத்தார். நான்காம் நாள் ஒவ்வோர் ஆய்வகமாகப் போய், "பையில வச்சிருக்கறத எல்லாம் எடுங்க. இல்லன்னா பின்னாடி கொண்டாந்தா நம்பரு போட மாட்டேன்" என்று ஐந்து குப்பிகளைப் பறிமுதல் செய்துவிட்டு வந்தார். இந்த அரசியல் எதுவும் தெரியாமல் அடுத்து வந்து நின்றவள் தாரிணி.

தாரிணி கோயம்புத்தூர்ப் பெண். கம்பெனியில் சேர்ந்து எட்டு மாதம்தான். அவள் நீட்டிய குப்பியில் சிட்னோன் என்ற வகையைச் சேர்ந்த ஒரு பொருள் இருந்தது. சிட்னி நகரத்தில் முதலில் செய்தார்கள் என்பதற்காக அந்தப் பெயர். நாச்சாரத்தில் செய்திருந்தால் என்ன பெயர் ஆகியிருக்கும் என்பதை நினைத்தால், சிட்னியிலேயே செய்தது நல்லதுதான் என்று தோன்றும்.

சிட்னோனின் சங்கதி கொஞ்சம் விசித்திரம். ஐந்து அணுக்கள் கைகோத்த வளையம். அதில் கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் என்று பல இனம். மொத்தத்தில் மின்சுமை கிடையாது. ஆனால் வரைய உட்கார்ந்தால், ஒரு பிளஸும் ஒரு மைனஸும் போடாமல் படம் முடியாது. சரி, மைனஸை எந்த அணுவின் தலையில் போடுவது? ஒரு வேதியியலாளர் வளையத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆக்சிஜனில் போடுவார். இன்னொருவர் வளையத்துக்குள்ளே இருக்கும் கார்பனில் போடுவார். இருவரும் சரி, இருவரும் முழுசாகச் சரியில்லை. மின்சுமை வளையம் நெடுகப் பரவிக் கிடக்கிறது. அது எந்த அணுவில் இருக்கிறது என்று கேட்பது, சாம்பாரில் உப்பு எந்தக் கத்தரிக்காயில் இருக்கிறது என்று கேட்பது போல. ஆனால் காகிதத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் இந்தப் பதில் போதாது. அவற்றுக்கு ஒரு முகவரி வேண்டும்.

தாரிணி மைனஸை வெளி ஆக்சிஜனில் போட்டிருந்தாள். மென்பொருள் பச்சை விளக்கு காட்டியது. ஜெஸ்ஸி 10,000 என்று லேபிள் எழுதினார். எழுதி முடித்த பிறகுதான், இதுவே கடைசி லேபிள் என்பது உறைத்தது.

"ஏனுங்க்கா, ஒரு மாதிரி இருக்கறீங்க?" என்றாள் தாரிணி.

"ஒன்னுமில்ல. நாளைக்குக் கேக்கு. முட்டை சாப்டுவியா?"

"கேக்குல இருந்தாச் சாப்புடுவேனுங்க."

கேக் எப்போதும் மெட்டுகூடா வாஜித் பாய் பேக்கரியில்தான். ஒன்பது கேக்குகளையும் அவர்தான் எழுதினார். அறுகோணம் போடுவதில் அவர் கை இப்போது எந்த வேதியியல் மாணவன் கைக்கும் குறைந்ததில்லை. பிற்பகல் இரண்டரைக்கு அவரிடமிருந்து போன் வந்தது.

"மேடம், ஏ மைனஸ் கூ ஜாகா நை ஹை. அந்தர் டால் தூம் க்யா?"

மைனஸுக்கு இடமில்லையாம், வளையத்துக்கு உள்ளே போட்டுவிடட்டுமா என்கிறார். விசாரித்ததில் டைரக்டர் தனியாகப் போன் பண்ணி, பத்தாயிரத்தின் பூஜ்யங்கள் பெரிதாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். நான்கு பூஜ்யங்களும் கேக்கில் பாதியைச் சாப்பிட்டுவிட்டன. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆக்சிஜனின் மைனஸ், கடைசிப் பூஜ்யத்தின் மேல் இடிக்கிறது.

"டாலோ பாய், டாலோ. கிதர் பீ டாலோ, சீஸ் ஏகிச் ஹை" என்றார் ஜெஸ்ஸி. எங்கே போட்டாலும் பொருள் ஒன்றுதான். "இருங்க, சும்மா போடாதீங்க, கோடும் மாறணும். வரைஞ்சு அனுப்பறேன்."

ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார். மைனஸை ஆக்சிஜனிலிருந்து எடுத்துக் கார்பனில் வைத்தார். ஆக்சிஜனுக்குப் போகும் ஒற்றைக் கோட்டை இரட்டையாக்கினார், வளையத்துக்குள் இருந்த இரட்டைக் கோட்டை ஒற்றையாக்கினார். போனில் படம் பிடித்து அனுப்பினார். அனுப்பிய பிறகு காகிதத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

இந்த முகத்தை முன்பே வரைந்திருக்கிறோம்.

பேனாவை மூடாமலே கீழே கிடங்குக்கு இறங்கினார். கார்டு பெட்டிகள் பழைய ஏசி மெஷினுக்குப் பின்னால் கிடந்தன. நான்காவது பெட்டியில், அவருடைய கையெழுத்திலேயே இருந்தது. எண் 3,118. செய்தவர் சீனு, அமெரிக்கா போய் வருஷக்கணக்காகிறது. அதே பொருள். மைனஸ் மட்டும் கார்பனில். கார்டின் மூலையில் ஜெஸ்ஸி அப்போதே சின்னதாக எழுதியிருந்தார்: 'வெயிலில் நீலமாகிறது. பயப்பட வேண்டாம்.'

நினைவு வந்துவிட்டது. வெளிச்சம் புகாத பழுப்புக் குப்பி தீர்ந்துபோய், சீனு வெள்ளைக் குப்பியில் போட்டுக் கொடுத்தார். ஜன்னலோரம் வைத்திருந்தார்கள். மூன்று மணி வெயில் பட்டதும் வெள்ளைத் தூள் நீலமாகி, பொருள் கெட்டுவிட்டது என்று ஆளாளுக்கு ஓடினார்கள். இருட்டில் வைத்தால் மெல்ல மெல்ல பழையபடி வெளுத்துவிடும் என்று தெரிவதற்குள் சீனுவுக்குப் பாதி முடி கொட்டிவிட்டது.

3,118 குப்பி சேமிப்பு அறையில் இருட்டு டிராயரில் பத்திரமாக இருந்தது. பெரிய குப்பி. கழுத்துவரை தூள். ஜெஸ்ஸி அதை மேலே கொண்டுவந்து, அதிலிருந்து ஒரு சிட்டிகையை ஒரு வெள்ளைக் குப்பியிலும், பத்தாயிரத்திலிருந்து ஒரு சிட்டிகையை இன்னொன்றிலும் போட்டு ஜன்னலில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவர் மனம் எங்கெங்கோ போய்வந்தது. நாளை கூட்டத்தில் கேக்கை வெட்டக் கத்தியை எடுக்கிற நேரத்தில் எழுந்து நின்று, "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லி இரண்டு குப்பிகளையும் தூக்கிக் காட்டினால் எப்படி இருக்கும்? அபிநவ் முகம் எப்படிப் போகும்? அந்தக் காட்சியை ஜெஸ்ஸி இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். இரண்டாவது தடவை, வாயில் சிரிப்பு வந்த நேரத்தில், கத்தியைப் பிடித்திருக்கும் தாரிணியின் கை கண்ணில் பட்டது. எட்டு மாத உழைப்பு. வீட்டுக்கு வேறு போன் பண்ணிச் சொல்லியிருப்பாள். சொல்லாமல் விட்டால்? தாரிணிக்குக் கேக், அபிநவுக்குக் கைதட்டல், ஜெஸ்ஸிக்குக் கச்சிபௌலி. ஒரே பொருள் இரண்டு எண்ணோடு பதிவேட்டில் காலத்துக்கும் இருக்கும். கடைசிக் காரணம்தான் அவருக்குப் பொறுக்கவில்லை. கச்சிபௌலிகூட அப்புறம்தான்.

மூன்று மணிக்கு இரண்டு குப்பிகளும் ஒரே மாதிரி நீலமாயின.

ஜெஸ்ஸி தாரிணியைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். பீடிகை போட அவருக்கு வராது. "இத பாரு. இது உன்னுது. இது பழசு, 3,118. ரெண்டும் ஒன்னு."

தாரிணி கார்டைப் பார்த்தாள், குப்பிகளைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். இரண்டிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு கீழே சோதனைக் கருவி அறைக்குப் போனாள். முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தில் ஜெஸ்ஸி மூன்று தடவை தண்ணீர் குடித்தார். அந்தப் பெண் அழுதால் என்ன சொல்வது என்று யோசித்து, மேசை டிராயரில் இருந்த பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துத் தயாராக வைத்தார்.

தாரிணி இரண்டு காகிதங்களோடு வந்தாள். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டு வரைபடமும் ஒரே கோடாகத் தெரிந்தன.

"அக்கா, அந்தப் பழைய குப்பில எத்தனை கிராமுங்க இருக்குது?"

"லேபிள்ல நாப்பது போட்டிருக்கு."

"நாப்பதா!" தாரிணி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "ஏனுங்க்கா, எலிக்குக் குடுத்துப் பாக்கறதுக்கு அஞ்சு கிராம் வேணும்னு மூணு மாசமா நாக்குத் தள்ளுது எனக்கு. கையில இருக்கறது ரெண்டு. இங்க இருபது அடி தள்ளி நாப்பது கிராமை டிராயர்ல பூட்டி வெச்சிருக்கறீங்களே!"

"நீ ஒரு வார்த்தை கேட்டியா?"

"கம்ப்யூட்டர்ல தேடினேனுங்க. இல்லைன்னு போட்டுது."

"அதுக்குத் தெரியாது. அது மைனஸு எங்க இருக்குன்னு பாக்குது."

"அப்ப நாளைக்குக் கேக்கு?"

"அதான் யோசிக்கறேன். உனக்கு வருத்தமா?"

தாரிணி ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டாள். "பேருக்குக் கொஞ்சம் இருக்குதுங்க. அம்மாகிட்டச் சொல்லிப் போட்டேன். ஆனா இன்னும் மூணு மாசம் அந்தப் புகைக்கூண்டு முன்னாடி நின்னு காய்ச்சறதை நெனச்சா, கேக்கை நீங்களே சாப்புடுங்க."

ராகவேந்திராவின் அறையில் காரியம் அவ்வளவு சுலபமாக இல்லை. அவர் குப்பிகளைப் பார்க்கவே மாட்டேன் என்றார். "ஜெஸ்ஸி மேடம், நீங்க என்ன சொல்றீங்க? பத்தாயிரம் இல்லையா?"

"ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்போது சார்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த எண்ணைக் காதால் கேட்பதே அவருக்குப் பல் கூசுகிற மாதிரி இருந்தது. "ஒன்னுதானே? அதை அப்படியே விட்டுட்டா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும் சார்."

அபிநவும் அங்கே இருந்தான். இரண்டு படங்களையும் தன் மடிக்கணினியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் வரும் என்று ஜெஸ்ஸி எதிர்பார்த்தார். பையனுக்கு வந்தது அதைவிட மோசம், ஆர்வம். "அய்யோ, மேடம்... இலாண்டிவி இன்கா உன்னாயா?" இந்த மாதிரி இன்னும் இருக்கின்றனவா?

"எனக்கெப்படித் தெரியும்? நீதான கம்ப்யூட்டர் வச்சிருக்கே. தேடு."

"தேடாதே" என்றார் ராகவேந்திரா.

ஆனால் அபிநவ் தேடிவிட்டான். மைனஸ் எங்கே இருந்தாலும் வளையம் ஒன்றாக இருந்தால் ஒரே பொருள் என்று புதிதாக ஒரு விதி எழுதினான். மறுநாள் காலை பத்து மணிக்கு இன்னும் இருபத்தாறு ஜோடிகள் வந்து நின்றன. ஜெஸ்ஸி கார்டு பெட்டிகளை மேலே ஏற்றச் சொல்லி, ஒவ்வொன்றாக முகம் பார்த்தார். மூன்று ஜோடிகளைத் தள்ளிவைத்தார். "இது அண்ணன் தம்பி. ஒரே ஆளு இல்ல. உன் மெஷினு அவசரப்பட்டிருக்கு." தாரிணி கருவியில் போட்டுப் பார்த்தாள். மூன்றும் வேறு வேறுதான். அபிநவ் முதல் தடவையாகத் தமிழில் பேசினான்: "எப்படி மேடம்?" ஜெஸ்ஸிக்கே தெரியவில்லை. "பாத்தா தெரியுது இல்ல?" என்றார்.

மீதி இருபத்துமூன்று எண்கள் ரத்தாயின. 9,976.

பகல் பன்னிரண்டுக்குக் கேக் வந்துவிட்டது. கேன்டீனில் எண்பது பேர். பத்தாயிரம் என்று கொட்டை எழுத்தில் நான்கு பூஜ்யம். ராகவேந்திரா கேக்கைப் பார்க்கிற பார்வை, முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை வராத பெண்ணின் தகப்பன் பார்வை.

"சார்" என்று ஜெஸ்ஸி அவர் காதோரம் சொன்னார், "கடைசி சைபர்லருந்து வெட்டச் சொல்லுங்க."

"வெட்டினா?"

"ஆயிரம் ஆயிடும் சார். ஆயிரம் நெசமாவே தாண்டியாச்சு."

ராகவேந்திராவின் முகத்தில் ரத்தம் திரும்பியது. தாரிணி கடைசிப் பூஜ்யத்தைச் சுத்தமாக எடுத்தாள். 1,000. எண்பது பேரும் கைதட்டினார்கள், எதற்கென்று தெரியாமல்; கம்பெனிக் கைதட்டல்களில் பாதி அப்படித்தான். கிரீம் வளையத்தில் மைனஸ் உள்ளே இருந்ததை மூன்றே பேர் கவனித்தார்கள். வாஜித் பாய் வரைந்திருந்தது சீனுவின் பழைய படம். சீனுவுக்கும் ஒரு துண்டு சேர வேண்டியது நியாயம். அவர் பங்கை ஜெஸ்ஸி சாப்பிட்டார்.

மாற்றல் கடிதத்தை யாரும் ரத்து செய்யவில்லை. ரத்து செய்தால் ஏன் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுத வேண்டும், எழுதினால் இருபத்துநான்கு பொருளை இரண்டு தடவை செய்த கதையைச் சொல்ல வேண்டும். அதனால் கடிதம் அப்படியே செல்லுபடியாகும், பத்தாயிரம் வந்ததும். மென்பொருளும் இருக்கிறது. அது பச்சை காட்டிய பிறகு ஜெஸ்ஸி முகம் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று அபிநவே ஒரு கட்டம் சேர்த்துவிட்டான். வாரத்தில் இரண்டு நாள் நாச்சாரம் வந்து அவர் பக்கத்தில் உட்காருகிறான். விஞ்ஞானிகள் இப்போது எதைச் செய்யுமுன்னும் ஜெஸ்ஸியிடம் வந்து, "இது பழசா பாருங்க" என்று கேட்டுவிட்டுத்தான் அடுப்பை மூட்டுகிறார்கள். அதில் பாதிப்பேரைக் கிடங்கு டிராயருக்கு அனுப்பிவிடுகிறார். புதுப் பிறப்பு குறைந்துவிட்டது. போதாக்குறைக்கு, கார்டு பெட்டிகளைப் புரட்டும்போது அபிநவின் விதிக்குச் சிக்காத பழைய ஜோடி வாரம் இரண்டோ மூன்றோ அகப்படுகிறது. அவசரமில்லாமல்தான் புரட்டுகிறார்.

எட்டு மாதம் ஆகிறது. "இன்னா, கச்சிபௌலி எப்போ?" என்று ஆரோக்கியசாமி கேட்பதையே விட்டுவிட்டார். மே மாதம் ஒரு தடவை கேட்டார். "பத்தாயிரம் வந்தா" என்று பதில் வந்தது. "எங்க ஒர்க்‌ஷாப்புல நம்பரு ஏறும். உங்க கம்பெனில எறங்குது" என்றார்.

ராகவேந்திரா வராந்தாவில் நடக்கும்போது ஜெஸ்ஸியின் மேசையருகே வேகம் குறையும்.

"எவ்வளவு மேடம்?"

"9,991 சார்."

"போன வாரம் 9,994 இல்ல?"

"ஆமா சார். மூணு கொறஞ்சிருக்கு."

அவர் கையில் கட்டியிருந்த கருவி அடிகளை எண்ணிக்கொண்டிருப்பதைப் பார்த்து, நடையைத் தொடர்ந்தார்.

ஜெஸ்ஸி ஜன்னலைப் பார்த்தார். அங்கே 10,000 என்று எழுதி, குறுக்கே ஒரு கோடு போட்ட சின்னக் குப்பி ஒன்று இருக்கிறது. பதிவேட்டில் அதற்கு இடமில்லை, ஜன்னலில் இருக்கிறது. தூள் நீலமாகியிருந்தது, மணி மூன்று.

"தாரிணி, டீ" என்று குரல் கொடுத்துவிட்டு, ஜெஸ்ஸி கார்டு பெட்டியை மூடினார்.